இரண்டு மீட்டர் தெற்கே

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டிலும் அதைச் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். ஸ்கூடாயில் நான் வேலை பார்த்த நில அளவைக் கருவிக் கடையில் முதலாளி சொல்லவில்லை, வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அவர் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ரிசீவர் ஒன்றின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். இணையத்தில் விற்கிற உள்ளங்கை அகலப் பலகை ஒன்று கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். "எதுக்கு பாஸ் ஜனங்க தலையில மொளகா அரைக்கிறீங்க?" என்று வாங்க வந்தவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அத்தோடு சரி.

வீட்டுக்கு வந்து அந்தப் பலகைகளை வாங்கி நானே தொழில் ஆரம்பித்தேன். எங்கள் வீடு பெக்கான் நானாஸில், கடைத்தெருவைத் தாண்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. சுற்றிலும் அன்னாசித் தோட்டங்கள். மருந்தடிக்கிற டிரோனுக்கு வரிசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அளந்து கொடுப்பது என் வேலை. என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, விடுமுறை நாளில் எனக்குக் கழி தூக்குவார்.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கைபேசி நீங்கள் நிற்கும் இடத்தை நாலைந்து மீட்டர் முன்னே பின்னேதான் காட்டும். துணைக்கோளத்திலிருந்து வரும் சிக்னல் வானத்தைத் தாண்டி வருவதற்குள் தடுமாறிவிடுகிறது. அதைத் திருத்த இரண்டு ரிசீவர் வேண்டும். ஒன்று வீட்டுக் கூரையில் அசையாமல் இருக்கும். அது இருக்கும் இடம் இன்னதென்று நாம் முன்னமே துல்லியமாகக் கணித்துச் சொல்லி வைத்திருப்போம். துணைக்கோளம் வேறு இடத்தைச் சொன்னால், "இன்றைக்கு வானம் இவ்வளவு பொய் சொல்கிறது" என்று அது இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும். கழியில் செருகி நம் கையில் இருக்கும் அந்த இன்னொன்று, பொய்யைக் கழித்துவிட்டு, நிற்கும் இடத்தை இரண்டு செண்டிமீட்டருக்குள் சொல்லும். அப்படிச் சரியாகப் பிடித்துவிட்டால் திரையில் பச்சையாக "ஃபிக்ஸ்" என்று வரும். கூரையில் இருப்பதற்கு வீட்டுக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். கையில் இருப்பது ஊர்சுற்றி. தோட்டத்து டிரோன்களும் வீட்டுக்காரி அனுப்பும் தகவலைக் கேட்டுத்தான் பறக்கும்.

வீட்டுக்காரியின் ஏரியல், முறுக்கு டப்பா மூடி அளவுதான். அடியில் காந்தம் இருக்கும். கார் நிறுத்துகிற கூரையின் முன்பக்க இரும்புச் சட்டத்தில், நடு மத்தியில் ஒட்டி வைத்திருந்தேன். தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் வயர் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். "அந்தப் பெட்டியில லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கணும், யாரும் வயரைப் பிடுங்கிடாதீங்க" என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமைகளில் பொட்டுகூட வைப்பார்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மூன்று நாள் இருந்தாள். மூச்சு சரியாக வரவில்லை என்றார்கள், குழாய் வைத்தார்கள், பிறகு குழாயை எடுத்தார்கள். பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் சொன்னோம், இப்போதும் அப்படித்தான் சொல்கிறோம்.

எங்களில் பெரியவர்களை எரிப்பார்கள், பச்சைப் பிள்ளையைப் புதைப்பார்கள். கல் வைப்பதில்லை, மேடு கட்டுவதில்லை. மண்ணைத் தள்ளிச் சமமாக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெற்றவள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அடையாளம் வைத்தால் அம்மாவின் மனசு அங்கேயே கிடக்கும், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். நான் தையல் போட்ட வயிற்றோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி இவரோடு போனில் சண்டை போட்டேன்.

"கல்லுகூட வைக்க மாட்டீங்களா?"

"வழக்கமில்லைன்னு சொல்றாங்க."

"அப்போ நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"நீ எதுக்குக் கண்டுபிடிக்கணும்? படுத்துத் தூங்கு."

"ஊர்சுற்றியை எடுத்துக்கிட்டுப் போங்க. மண்ணை மூடினதும் அது மேல கழியை நட்டு, ஃபிக்ஸ் வர்ற வரைக்கும் நில்லுங்க. மாட்டேன்னு சொன்னீங்கன்னா நான் இந்த ஆஸ்பத்திரித் துணியோடயே எழுந்து வருவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

கொண்டுபோனார். பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம். "என்னப்பா, இங்கயும் பிளான் போடறியா?" என்று ஒருவர் கேட்டாராம். இவர் கழியில் இருக்கும் நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பச்சை வந்ததும் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நீள நீளமான இரண்டு எண்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிற நேரத்தில் அதைப் பார்த்துத்தான் நான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன்.

"திரும்பிப் பார்க்காமத்தான் வந்தேன்," என்றார் சாயங்காலம். "உன் மிஷினு பார்த்துக்கிச்சு, போதுமா?"

சுடுகாட்டுக்குப் போன கழியை அத்தை வீட்டுக்குள் விடவில்லை. வெளிக்குழாயடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். நான் திரும்பி வந்து பார்த்தபோது வயர் சொருகும் இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. வாசலிலும் ஒரு புது ஏற்பாடு நடந்திருந்தது. வீட்டுக்குக் கண் பட்டுவிட்டது என்று ஒரு ஆளை வரவழைத்து, கோரைப் பல்லும் மீசையும் வரைந்த வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றை வாசலுக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கியதும் அதன் முகத்தில்தான் விழித்தேன். பிள்ளை போனபிறகு பூசணிக்காய் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தையின் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

அறையை விட்டு வெளியே வர நாளாயிற்று. வந்ததும் முதல் போன் ஓர் அன்னாசித் தோட்டக்காரச் சீனரிடமிருந்து. "அம்மா, உன் டிரோன் ஒரு வரிசை தள்ளிப் போவுது லா. பக்கத்துத் தோட்டத்துக்கு மருந்து அடிக்குது, அவன் என்னை ஏசறான்" என்றார். இங்கே மண் எல்லாம் பீட் மண். இலை தழை மக்கிச் சேர்ந்த கறுப்புப் பஞ்சு மண் அது, வாய்க்கால் வெட்டினால் உள்வாங்கும், காய்ந்தால் தாழும். மண்தான் நகர்ந்திருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, போய்த் தோட்டத்தைப் புதிதாக அளந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு டிரோன் ஒழுங்காகப் பறந்தது. மற்றத் தோட்டங்களையும் அடுத்தடுத்து மறுபடி அளந்தேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது. மறுபடி அளக்க முடியாத புள்ளி ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அதை மறுபடி அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு காலையில் மயானத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, நாங்கள் பாரிட் என்று சொல்லும் பெரிய வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகளைப் புதைக்கிற பக்கம் வாய்க்கால் ஓரமாக, வெறும் லாலாங் புல். ஒரு அடையாளமும் கிடையாது. இவர் அனுப்பிய எண்களைப் போட்டதும் திரையில் அம்புக்குறி வந்தது. எட்டு மீட்டர், ஐந்து, மூன்று. கடைசி மீட்டரில் அடியை அரையடியாக வைத்து, கழியை அசைத்து அசைத்து, சுழியம் வந்ததும் நட்டேன். பச்சை எரிந்தது. கழியைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தேன். பேசினேன். என்னென்னவோ பேசினேன். வீட்டில் யாரிடமும் பேசாததை எல்லாம் அந்தப் புல்லிடம் பேசினேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். தோட்டத்து வேலைக்குப் போகிற வழி, யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே நான் ஒரு கல்கூட வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும்? கல்லை யாராவது புரட்டிவிடலாம், செடியை மாடு மேயலாம். என்னிடம் இருப்பதை எவனும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது.

ஒரு தடவை இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் கழியை நட்ட இடத்தைப் பார்த்துவிட்டு இவர் வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

"இங்கயா? இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்னு நெனைச்சேன். தண்ணிச் சத்தம் கிட்டத்துல கேட்டுச்சு."

"நீங்கதான் திரும்பிப் பார்க்காம வந்தவராச்சே."

"இல்ல, நிக்கும்போது..."

"உங்க காது ரெண்டு செண்டிமீட்டர் கணக்கா கேக்குமா? பேசாம இருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சுபாவம் அது, என்னைக் கட்டிக்கொண்டவருக்கு வேறு வழியும் இல்லை. அன்று இருவரும் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. மழைக்கு மழை வெள்ளம் ஏறுகிறது, வாய்க்காலை அகலப்படுத்தப்போகிறார்கள், மயானத்தின் அந்த ஓரம் முழுக்கப் போகும். அடையாளம் காட்டுகிறவர்களின் பிள்ளைகளை மறுபக்கத்து மேட்டுக்கு மாற்றித் தருவோம், காட்ட முடியாதவற்றுக்குப் பொதுவாக ஒரு பூசை போட்டுவிடுவோம் என்று மயானக் கமிட்டியில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று பார்த்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வயசான தம்பதிகள், தனியாக வந்த ஆம்பளைகள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு முதல்முறையாக உள்ளே வந்த அம்மாக்கள், எல்லாரும் அந்தப் புல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். "இங்க ஒரு செம்பருத்தி இருந்திச்சே" என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டே போனார். "நாலு எட்டு வச்சேன், அங்கேருந்து நாலு எட்டு" என்று ஒருவர் திரும்பத் திரும்ப எண்ணி வேறு வேறு இடத்தில் போய் நின்றார். நான் மட்டும் நேராக நடந்துபோய்க் கழியை நட்டேன். பச்சை வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கமிட்டிக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். மெதுவாகத்தான் வெட்டினார். இடுப்பளவு போயும் கறுப்பு மண்தான் வந்தது. துணி இல்லை, ஒன்றுமே இல்லை. நான் குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மேலே ஏறி வந்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"பச்சப் பிள்ளை எலும்பும்மா. இந்த மண்ணு எல்லாத்தையும் தின்னுடும். ஒண்ணும் மிஞ்சாது, மனசை விட்டுடாதீங்க. இந்த மண்ணுதான் இப்போ உங்க பிள்ளை."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பீட் மண்ணைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழியின் அடியிலிருந்து மூன்று கை மண்ணை அள்ளிப் புதுப் பானையில் போட்டு, மஞ்சள் துணி கட்டி, மேட்டில் கொண்டுபோய் வைத்தோம். இந்தத் தடவை நான் என் கையால் வைத்தேன். அத்தையும் வந்திருந்தார். வழக்கம் கிழக்கம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சிமெண்டுக் கரை கட்டி, "பாப்பா" என்று எழுதிய சின்னக் கல்லும் வைத்தோம். அடுத்த வாரம் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. வாய்க்கால் ஓரம் முழுவதையும் வாரி லோரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டினார்கள். எங்கே கொட்டினார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் நன்றாகத்தான் இருந்தேன். தூங்கினேன். வேலைகூட அதிகமாயிற்று. புதிதாக ஒரு பெரிய தோட்டம் கிடைத்தது, அவர்கள் என் அளவுகளை வேறொரு கம்பெனியின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரியின் இடத்தை மறுபடி ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று, ஒருநாள் முழுக்க அது வாங்கிய சிக்னலைச் சேமித்து, இலவசமாகக் கணக்குப் போட்டுத் தரும் இணையத் தளத்துக்கு அனுப்பினேன். வந்த விடை பழைய விடையிலிருந்து மாறியிருந்தது. உயரம் அதேதான். இடம் மட்டும் தெற்கே இரண்டு மீட்டர் தள்ளிக் காட்டியது.

ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று மறுபடி அனுப்பினேன். அதே விடை. வீடு இரண்டு மீட்டர் நகருமா? பீட் மண்ணில் வீடு தாழும், விரிசல் விடும், பக்கவாட்டில் நடந்து போகாது. ஏணியை எடுத்து வந்து கூரைமேல் ஏறினேன். நடுச் சட்டத்தில் ஏரியல் இல்லை. அங்கே பூசணிக்காயின் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஏரியல் தெற்கு மூலையில் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. ஏணியில் நின்றபடியே அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, இதை யாரு இங்க மாத்தி வச்சது?"

அத்தை துடைப்பத்தோடு வெளியே வந்து கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார்.

"அதுவா? பூசணிக்கா கட்ட வந்தவன்தாம்மா. வாசலுக்கு நேராக் கட்டினாத்தான் பலிக்கும்னான். அது நடுவுல ஒட்டிக்கிட்டு இருந்திச்சு, பிடுங்கி ஓரமா வைக்கச் சொன்னேன். ஆனா நீ சொன்னியேன்னு வயரைத் தொட விடலம்மா. நான் உள்ள வந்து லைட்டு எரியுதான்னு பார்த்துட்டுத்தான் அவனை இறங்கவே விட்டேன்."

"எப்போ அத்தை?"

"அன்னைக்குத்தான். பாப்பாவைக் கொண்டுபோய் வச்சுட்டு எல்லாரும் திரும்பி வந்தாங்களே, தலைக்கு ஊத்திட்டு, அதுக்கப்புறம். ஏம்மா, ரிப்பேர் ஆயிடுச்சா?"

"இல்ல அத்தை. சும்மா கேட்டேன்."

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். கணக்கு ஒன்றும் பெரியது இல்லை, மனசிலேயே போட்டுவிடலாம். இவர் அளந்தபோது வீட்டுக்காரி நடுவில் இருந்தாள். அந்த எண் சரி. அன்று பிற்பகலிலிருந்து அவள் மூலைக்குப் போய்விட்டாள், ஆனால் தான் இன்னும் நடுவில்தான் இருக்கிறேன் என்று ஊர்சுற்றிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கூரையில் அவள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தாளோ, மயானத்தில் நானும் அதே பக்கம் அவ்வளவு தள்ளி நின்றிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும், இரண்டு செண்டிமீட்டர் பிசகாமல். அந்தச் சீனர் சொன்னது சரி. தண்ணிச் சத்தம் கிட்டத்தில் கேட்டது என்று இவர் சொன்னதும் சரி. பானையில் அள்ளிப்போட்டது யாருடைய மண்ணுமில்லை. என் பிள்ளை வடக்கே இரண்டு மீட்டரில், வாய்க்கால் பக்கமாக இருந்தாள், இயந்திரம் வந்து வாருகிறவரை.

ஏரியலை நடுவில் ஒட்டாமல், இருக்கும் மூலையின் சரியான எண்ணைப் போட்டுத் திருத்திவிட்டு, சாயங்காலம் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் காரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புது வாய்க்கால் அகலமாக, இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டு இருந்தது. கரையின் விளிம்பில் கழியை நட்டேன். பச்சை. அம்பு இன்னும் முன்னால் போகச் சொன்னது, ஒரு கை தூரம். அங்கே தேயிலைச் சாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கதான்," என்றார் இவர். "இந்த இடம்தான். நான் நின்னேன்ல."

"என்னைத் திட்டுங்களேன்," என்றேன். "ஒரு வார்த்தை திட்டித் தொலைங்களேன்."

இவர் கழியை என் கையிலிருந்து வாங்கி மூன்றாக மடக்கினார். பிறகு கரையில் குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பாப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். லோரிக்கு லோரி வேறு இடம் என்றார்கள். சில லோடு ரோட்டுக்குப் போனது, சில லோடு பள்ளத்தை மேடாக்கப் போனது. அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இவரும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அத்தை மாதம் ஒருமுறை அமாவாசைக்கு அந்த மேட்டுக்குப் போகிறார், நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். ஒரு டம்ளர் பால், இரண்டு ரொட்டி, ஒரு சின்ன விளக்கு. கல்லைத் தன் சேலைத் தலைப்பால் துடைப்பார். போன அமாவாசைக்கும் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்று, அன்று செம்பருத்தியைத் தேடிக்கொண்டிருந்தவர்தான், தன் பிள்ளைக்குப் பொதுப் பூசைதான் போட்டார்கள் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். அத்தை அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எங்களுக்கு மருமக இருந்தா, மிஷின் வச்சுக் கண்டுபிடிச்சுட்டா," என்றார். "இல்லைன்னா எம்பிள்ளையும் அந்தப் பாரிட்டோட போயிருக்கும். இல்லம்மா?"

என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாய் நீளம் என்று பெயரெடுத்தவள் நான்.

"ஆமா அத்தை," என்றேன். "பால் ஆறிடப்போகுது, ஊத்துங்க."